கணக்கு யார் பேரில்

மூளையில் கட்டி இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து என்னிடம் பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள். என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூடிப்போனார்கள். டாக்டர் என் மகனைப் பார்த்துப் பேசினார். மகன் தன் தங்கையிடம் போனில் பேசினான். நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணிக்குச் சோறு எறங்குதா?" என்று என் மருமகளைக் கேட்டார். நான் அப்போது கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சோறு நன்றாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

சர்க்கரை வந்தவரை யாரும் இப்படி நடத்துவதில்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவரைச் சுற்றி உட்கார்ந்து அவர் வாயாலேயே கதை கேட்கிறார்கள். மூளை என்று வந்துவிட்டால் மட்டும் ஆள் பாதி போயாச்சு என்று வீட்டிலும் வெளியிலும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பத்து வருஷத்துக்கும் மேலாக இந்தக் கட்டியோடு குடித்தனம் நடத்துகிறேன். வயதும் எழுபதைத் தாண்டிவிட்டது. இதில் எதும்மா ரொம்பக் கஷ்டம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், தலைவலி, வலிப்பு எல்லாம் அடுத்த வரிசை என்பேன். நம் வாயை மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவதுதான் முதல் கஷ்டம்.

எனக்கு வந்தது மெனிஞ்சியோமா. மூளைக்குள் முளைப்பதில்லை; மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் முளைத்து வெளியிலிருந்து அமுக்கும். தலைக்குள்ளேயே தொடங்கும் கட்டிகளில் அதிகம் பேருக்கு வருவது இதுதான். அதிலும் பெண்களுக்கே கூடுதல். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1922ல் வைத்த பெயர் அது. பெரும்பாலும் மெதுவாக வளரும், புற்றுநோய்க் கணக்கில் வராது. "புத்து இல்லையாமே" என்று கேள்விப்பட்டு உறவுக்காரர்கள் எனக்கு வாழ்த்துகூடச் சொன்னார்கள். ஆனால் மண்டை ஓட்டுக்குள் கூடுதலாக ஒரு இடம் கிடையாது. நல்ல கட்டியோ கெட்ட கட்டியோ, உள்ளே வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பதை நெருக்கித்தான் உட்காரும். என்னுடையது நெருக்கியது வலது காலை ஆளும் பகுதியை.

கால் கட்டைவிரல் தானாகத் துடிக்கும். அப்புறம் பாதம், கெண்டைக்கால், தொடை என்று ஏறும். ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். கால் மட்டும் கொஞ்ச நேரம் மரத்துக் கிடக்கும். நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார்கள். முதுகுத்தண்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். போஸ்டாபீஸில் நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்த வேலை, அதனால்தான் என்றார் ஒருவர். கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "துடிப்பு கீழேயிருந்து மேலே ஏறுதாம்மா, மேலேயிருந்து கீழே எறங்குதா?" உலகத்திலேயே அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஏறுகிறது என்றேன். ஊசியை நிறுத்திவிட்டு எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் என்ற ஒன்றே இல்லாத 19ஆம் நூற்றாண்டில் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த ஏற்றத்தைத்தான் கவனித்தார். வலிப்பு உடம்பில் எந்த வரிசையில் நகர்கிறது என்பதை வைத்தே, மூளையில் எந்த இடம் எந்த உறுப்பை ஆள்கிறது என்று கணித்தார். இன்றும் அந்த வகை வலிப்புக்கு அவர் பெயர்தான்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. கண் விழித்தபோது எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. பேச வரவில்லை. சொல் மனசில் இருக்கிறது, நாக்குக்கு வர மறுக்கிறது. வலது கையும் சொன்னபடி கேட்கவில்லை. எழுதிக் காட்டவும் வழியில்லை. கட்டி இருந்த இடத்துக்கு முன்னால்தான் பேச்சையும் அசைவையும் தொடங்கி வைக்கும் பகுதி இருக்கிறது. அங்கே கைபட்டால் சிலருக்குச் சில நாள், சில வாரம் இப்படி ஆகும். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். டாக்டர்களுக்கு இது பழகிய விஷயம். ஆபரேஷனுக்கு முன்பே இதை விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள், என் மகனிடம். அம்மா பயந்துவிடுவாள் என்று அவன் என்னிடம் சொல்லவில்லை. இனி ஆயுசுக்கும் ஊமைதான் என்று நினைத்து அந்தக் கட்டிலில் நான் கிடந்தேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே தகவல் அவன் சட்டைப்பையில் இருந்தது.

அவன் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இப்போது குறைந்துவிட்டது. பேச்சு திரும்பி வந்ததும் முதலில் பேசியது என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். ஏதோ பெரிய வார்த்தையாக இருக்கும் என்று. ஃபேனைக் குறைக்கச் சொன்னேன்.

கட்டி முழுதாக வரவில்லை. உச்சந்தலையின் நடுக்கோட்டில் முன்னிருந்து பின்னாக ஒரு பெரிய ரத்தநாளம் ஓடுகிறது. அதன் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தால் ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். "எல்லாத்தையும் எடுத்தாச்சா?" என்ற கேள்விக்குப் பதிலை ஐந்து படிகளாகப் பிரித்து 1957லேயே டொனால்ட் சிம்ப்சன் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்துத் திரும்ப வளரும் வாய்ப்பும் மாறும். என்னைத் தேடி வரும் மெனிஞ்சியோமாக்காரர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது அந்தப் படி எண்ணைத்தான். நடுவில் ஒருமுறை மிச்சம் வளர்ந்து, முகத்துக்கு அச்செடுத்த மாதிரி பிளாஸ்டிக் வலை மாட்டி, கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது அடங்கி இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்து வருகிறேன்.

படுக்கும் முறை வருவதற்கு முன்னால் வெளியே உட்காரும் நேரம் இருக்கிறதே, அங்கேதான் என் இரண்டாவது உத்தியோகம் தொடங்கியது.

திண்டுக்கல் பக்கம் அஞ்சலகக் கவுன்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள் நான். வயதான அம்மா ஒருவர் சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க வருவார். கூட வந்த பேரன் பாஸ்புத்தகத்தை நீட்டி, "ஆயாவுக்கு ரெண்டாயிரம் எடுக்கணும்" என்பான். நான் பேரனைப் பார்க்க மாட்டேன். "ஆயா, எவ்வளவு வேணும்?" என்று அந்த அம்மாவைத்தான் கேட்பேன். சில நாள் பதில் "எரநூறு போதும் தாயி" என்று வரும். கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும். கைநாட்டு வைப்பவராக இருந்தாலும், காது மந்தமாக இருந்தாலும், அவரைத்தான். ஆஸ்பத்திரி ஓ.பி. வாசலில் உட்கார்ந்து பார்த்தபோது, இங்கே கணக்கெல்லாம் பேரன்கள் பேரில் நடந்துகொண்டிருந்தது. "அட்டெண்டர் யாரு? உள்ளே வாங்க" என்று கூப்பிடுவார்கள். கட்டிக்குச் சொந்தக்காரர் வெளியே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு நோயாளிக்காக நான் முதன்முதலில் வாய் திறந்தது ஒரு பஸ் கண்டக்டருக்காக. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. அது மேலே வளர்ந்தால் கண் நரம்புகள் குறுக்கே போகும் இடத்தை அமுக்கும். எதிரே இருப்பது தெரியும், இரண்டு பக்கவாட்டும் மறைந்துபோகும். பஸ்ஸுக்குள் பக்கத்து சீட்டுக்காரர் நீட்டிய காசு அவருக்குத் தெரியவில்லை. வேலையில் கவனம் இல்லை என்று மெமோ வாங்கியிருந்தார். அவர் அண்ணன் டாக்டரிடம், "தலைவலி சார், வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. "அவருக்குப் பக்கவாட்டுல பார்வை தெரியலைங்க, அவரையே கேளுங்க" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தேன். அதிகப்பிரசங்கித்தனம்தான். நர்ஸம்மா முறைத்தார். ஆனால் அந்த டாக்டர் எழுந்து வந்து கண்டக்டரை நாற்காலியோடு உள்ளே தள்ளிக்கொண்டு போனார். நல்ல மனிதர். எல்லா டாக்டர்களும் கேட்க மாட்டேன் என்று இருப்பதில்லை. பாதி நேரம் கேட்க அவர்களுக்கு நேரமில்லை, மீதி நேரம் நாம் சொல்வதில்லை.

அதன் பிறகு ஆள் சேர்ந்தது. "போஸ்டாபீஸ் அம்மா" என்று பெயரும் வந்தது. சமூகப்பணியாளர் ஒருவர் சனிக்கிழமைகளில் ஒரு அறையைத் திறந்துவிடுவார். உட்கார்ந்து அழுவதற்கு என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. அழலாம். பத்து நிமிஷத்துக்கு மேல் நான் விடுவதில்லை. ஃபைலை எடு என்பேன்.

ஃபைலில்தான் உயிர் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் சி.டி. (ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படமே வேண்டும்), பயாப்ஸி முடிவு. அறுத்தெடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். வேறு ஊரில் இரண்டாவது கருத்துக் கேட்கப் போவதானால் அந்த மெழுகுத் துண்டையும் கண்ணாடி வில்லைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட வகைப்பாட்டில் பல மூளைக் கட்டிகளின் பெயரையே மரபணுச் சோதனையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு கட்டிகளில் ஐ.டி.எச். என்ற மரபணு மாற்றம் இருப்பது ஒரு போக்கில் போகும், இல்லாதது வேறு போக்கில் போகும், மருந்தும் மாறும். "ஐ.டி.எச். பார்த்தாச்சா சார்?" என்று எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண் கேட்டபோது அந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாராம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ரேஷன் கார்டும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. தரும் சான்றும் வேண்டும். இதைத் தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகு ஓடி ஓடி வாங்குகிறார்கள். புற்றுநோய் என்று மருத்துவமனை சான்று கொடுத்தால் சிகிச்சைக்குப் போகும் ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. திண்டுக்கல்லிலிருந்து காட்பாடிக்கு மாதாமாதம் போகும் குடும்பத்துக்கு அது பெரிய காசு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016ன் பட்டியலில் 21 குறைபாடுகள் உண்டு. மூளைக் கட்டி என்று தனி வரி இல்லை. ஆனால் கட்டியால் போன பார்வைக்கு இடமுண்டு, முடங்கிய காலுக்கு இடமுண்டு, மூளை பாதித்துப் போன பேச்சுக்கும் இடமுண்டு. எந்த வரியில் நுழைவது என்று பார்க்கத் தெரிய வேண்டும். கவுன்டர் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

மாத்திரைகள் பற்றி டாக்டர் சொல்லும் நேரத்தைவிட நாங்கள் பேசும் நேரம் அதிகம். மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெதசோன் கொடுப்பார்கள். தலைவலி ஓடிப்போகும், ராத்திரி இரண்டு மணிக்குப் பசி வரும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும். நல்லாயிட்டேன் என்று ஒருவர் அதைச் சட்டென்று நிறுத்திவிட்டார்; மயங்கி விழுந்து அவசரப் பிரிவுக்குப் போனார். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் லெவிடிராசிடம் சிலருக்குக் கடுகடுவென்று கோபத்தைக் கொண்டுவரும். எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கச்சி. தட்டை எறிகிறாள், குழந்தையை அடிக்கிறாள். கட்டி மூளைக்குள் பரவிக் குணம் மாறிவிட்டது என்று மாமியார் வீட்டில் முடிவே பண்ணிவிட்டார்கள். டாக்டர் கேட்டால் வீட்டுக்காரர், "நல்லாத்தான் இருக்கா சார்" என்பார், குடும்ப மானம் என்று. கோபம் எந்தத் தேதியில் தொடங்கியது, மாத்திரை எந்தத் தேதியில் தொடங்கியது என்று ஒரு நோட்டில் அவளையே எழுதவைத்தேன். நோட்டைப் பார்த்ததும் மருந்தை மாற்றினார்கள். பழைய தங்கச்சி திரும்பி வந்தாள்.

ஆடி வெள்ளி, சஷ்டி விரதம் வந்தால் எனக்குப் பயம். வெறும் வயிற்றில் மாத்திரை எதற்கு என்று ஒரு வேளை விட்டுவிடுவார்கள், வலிப்பு வந்துவிடும். வைத்தீஸ்வரன் கோவிலுக்குப் போ, தையல்நாயகியிடம் முறையிடு, நானும் போயிருக்கிறேன். மாத்திரை டப்பாவை மறக்காதே. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. இரும்பால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் நுழைக்காமல், மணியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் 108.

கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு வலிப்பு என்றால் வீடே வாயைத் தைத்துக்கொள்கிறது. வலிப்பு நோய் இருந்தால் திருமணம் செல்லாது என்று வாதிட இடம் கொடுத்த சொற்களை இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999லேயே எடுத்துவிட்டார்கள். சட்டம் நகர்ந்து வந்துவிட்டது, தரகர்கள் நகரவில்லை. மறைத்துக் கட்டிக்கொடுத்து, அந்தப் பெண் புகுந்த வீட்டில் அரிசி டப்பாவுக்குள் மாத்திரையை ஒளித்து வைத்துத் தின்பதைவிட, சொல்லி வருகிற வரன் வந்தால் போதும் என்று நான் சொல்வதுண்டு. எல்லாத் தாய்மாரும் ஏற்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் நோயாளி பக்கம் நிற்பதில்லை. ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தோடு தரும் உடல்தகுதிப் படிவத்தில் வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தம்பி இல்லை என்று எழுதிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். "வண்டியை விட்டா வீட்டுல அடுப்பு எரியாதும்மா" என்றான். நடுரோட்டில் வலிப்பு வந்தால் எதிரே வருகிறவன் வீட்டிலும் அடுப்பு எரியாது என்றேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு அவன் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்திக்கொண்டான். அவனுக்கு வேறு வேலை வாங்கிக் கொடுக்க என்னால் முடியவில்லை என்பதும் உண்மை.

நோயாளி சொல்வதைக் கேட்காமல் போவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஜார்ஜ் கெர்ஷ்வின் என்ற பேர்போன அமெரிக்க இசையமைப்பாளர், ரப்பர் எரிகிற நாற்றம் வருகிறது, தலை வெடிக்கிறது என்று மாதக்கணக்கில் சொன்னார். மனசுப் பிரச்சினை என்றார்கள். 1937 ஜூலையில் மூளைக் கட்டியோடு இறந்தபோது அவருக்கு 38 வயது. அதற்கு முந்தைய வருஷம் ஹங்கேரி நாட்டு எழுத்தாளர் ஃப்ரிஜெஷ் கரிந்தி, புடாபெஸ்ட்டில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது ரயில் ஓடும் சத்தம் கேட்டார். தண்டவாளம் இல்லாத தெரு. இவர் விடவில்லை, சத்தம் எப்போது வருகிறது, பார்வை எப்படி மங்குகிறது என்று தன்னையே வேவு பார்த்தார். ஸ்டாக்ஹோமில் ஒலிவெக்ரோனா என்ற நிபுணர், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, அவர் விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்தார். மூளைக்கு வலி தெரியாது. திரும்பி வந்த கரிந்தி, தன் மண்டை ஓட்டைச் சுற்றி ஒரு பயணம் என்று புத்தகமே எழுதிவிட்டார். இரண்டு பேர் கட்டியும் ஒரே வகை இல்லை. கெர்ஷ்வின் பேச்சைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல நான் டாக்டரும் இல்லை. ஆனால் கரிந்தியைப் படிக்கும்போது, கட்டி உள்ள தலையும் சிரிக்கும், கேலி செய்யும், கணக்குக் கேட்கும் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. எங்கள் குடும்பத்தில் என் பாட்டியின் தங்கைக்கு வலிப்பு வந்தபோது வேப்பிலை அடித்தார்கள். வேறென்ன செய்வார்கள்? வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949லும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950லும் மூளை அறுவை மருத்துவர்களாக வந்து உட்காரும்வரை இந்தப் பக்கத்தில் தலையைத் திறந்து பார்க்கத் துறையே கிடையாது.

உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்பதுதான் எங்கள் அறையில் தீராத வழக்கு.

ஒரு ஆட்டோக்காரத் தம்பி. கிளையோபிளாஸ்டோமா, இருப்பதிலேயே முரட்டு வகை. மனைவி என்னைத் தனியாக இழுத்து, "அவருக்குத் தெரியாதும்மா, நீர்க்கட்டின்னு சொல்லியிருக்கோம், நீங்களும் அப்படியே சொல்லுங்க" என்றாள். மறுவாரம் டீக்கடையில் அவரே கேட்டார். "நீர்க்கட்டிக்கு எதுக்கும்மா முப்பது நாள் கரண்டு வைக்கிறாங்க? நான் ஆட்டோ ஓட்டுறவன்தான், முட்டாள் இல்ல."

நோயின் பெயரை நான் யாருக்கும் சொல்வதில்லை. அது டாக்டர் வேலை. "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்? அதை மொதல்ல முடிவு பண்ணுங்க. அப்புறம் டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க" என்றேன். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு மூன்று கேள்விகளை சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். எவ்வளவு நாள், எப்போது ஓட்டுவதை நிறுத்தணும், கடைசியில் வலி இருக்குமா. மனைவி என்னைத் திட்டினாள். டாக்டர் உள்ளதைச் சொன்னார். கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வு 2005ல் வந்தது. கதிர்வீச்சு மட்டும் வாங்கியவர்களில் நடுவில் நிற்பவரின் ஆயுள் 12.1 மாதம், மாத்திரையும் சேர்ந்தால் 14.6. இந்த எண்ணைக் கேட்டதும் எல்லோரும் பதினாலு மாசம்தான் என்று நாள்காட்டியில் குறித்துவிடுகிறார்கள். நூறு பேரை ஆயுள் வரிசையில் நிறுத்தினால் நடு ஆள் நிற்கும் இடம் அது. ஐம்பது பேர் அவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். அதே ஆய்வில் இரண்டு வருஷத்தைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேரிலிருந்து இருபத்தாறு பேராக உயர்ந்தார்கள். அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்பதையும் சொன்னேன்: வெறும் வயிற்றில், வாந்தி மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, கேப்சூலைப் பிரித்துத் தேனில் கலக்காமல்.

அவர் ஆட்டோவை விற்றுக் கடனை அடைத்தார். வங்கிக் கணக்கை மனைவியின் பெயருக்கு மாற்றினார். பெண்ணைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், அம்மாவே நடந்து போய் விட்டுவர வசதியாக. இரண்டாவது தீபாவளியைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்க்கவில்லை. மனைவி இப்போதும் சனிக்கிழமை வருகிறாள். புதிதாக வரும் மனைவிமார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லியே தீர வேண்டும் என்பது என் கட்சி இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே கையை உயர்த்தி, "எனக்கு எந்த எண்ணும் வேண்டாம் டாக்டர். என் பெண்ணிடம் சொல்லுங்கள், அவள் பார்த்துக்கொள்வாள்" என்றார். அதுவும் கணக்குக்காரர் போட்ட கையெழுத்துதான். அவரைக் கேட்டார்கள், அவர் சொன்னார். அதற்கு மேல் அவரைத் தொந்தரவு பண்ண யாருக்கும் உரிமை இல்லை.

செல்போனால் வந்ததா என்று வாரம் ஒருவர் கேட்கிறார். செல்போன் கதிர்களைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவை என்ற சந்தேகப் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011ல் சேர்த்தது. நிரூபணமான பட்டியலில் அல்ல. யாருடைய பாவத்தால் வந்தது என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதிலும் இல்லை, பொறுமையும் இல்லை.

இத்தனையும் பேச்சு இருக்கும்வரைதான். இந்த நோய் சிலருக்குப் பேச்சையே தின்றுவிடும், சிலருக்கு நிதானத்தை. நெற்றிப்பக்கக் கட்டி வந்த ஒரு பெரியவர் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காசோலை எழுதிக் கொடுத்தார். அவரைப் போய் "உங்கள் விருப்பம் என்ன ஐயா" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. என் கொள்கை அந்த இடத்தில் நொண்டுகிறது. அதனால்தான் வாய் இருக்கும்போதே எழுதி வைக்கச் சொல்கிறேன். மீள வழியில்லாத கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எனக்காக யார் பேசுவது என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2018ல் தீர்ப்பளித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன்னால் கையெழுத்து போதும்.

நானும் போன வருஷம் எழுதினேன். எனக்காகப் பேசும் இடத்தில் மகள் பெயரைப் போட்டேன். மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கூடவே இருந்து பாக்குறவன் நான். அவ திருப்பூர்ல இருந்து வரணும்" என்றான்.

"நீ எனக்கு வலிக்கும்னு எதையும் சொல்லமாட்டேடா. அவ வலிச்சாலும் சொல்லிடுவா" என்றேன்.

கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். மறுநாள் ஆபீஸிலிருந்து வாட்ஸப்பில் கேட்டிருந்தான்: அந்தத் தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் பண்ணி, ஃபைலில் முதல் பக்கமாக வைத்துவிடட்டுமா என்று. லேமினேட் வேண்டாம், அடுத்த வருஷம் மனசு மாறினால் திருத்த வேண்டியிருக்கும் என்று பதில் போட்டேன்.